மனு கொடுத்த காது

எனக்கு வேலை செய்யும் காது ஒன்றுதான். இடது காது ஆறாம் வகுப்பிலேயே சீழ் பிடித்துப் பணியிலிருந்து விலகிக்கொண்டது. வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருடங்களை வலது காதை மட்டும் வைத்தே ஓட்டி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். ஒற்றைக் காதில் வசதியும் உண்டு. யார் பேச்சைக் கேட்க எனக்கு விருப்பமில்லையோ அவர்களை இடது பக்க நாற்காலியில் உட்கார வைப்பேன். அந்த நாற்காலி ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை.

அந்த வலது காதில்தான் இரண்டு வருடங்களுக்கு முன்பு 'டும் டும்' என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. நான் உடனே அடுத்த வீட்டைச் சந்தேகப்பட்டேன்.

புதுக்கோட்டையில் எங்கள் அடுத்த வீட்டுக்கு அப்போதுதான் ஒரு பெண் குடிவந்திருந்தாள். ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீன் எடுத்து வந்து டவுனில் விற்பவள். எங்கள் பொதுச்சுவரை ஒட்டி, ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு ஐஸ் பெட்டி வைத்திருந்தாள். அதன் மோட்டார்தான் சுவர் வழியாக என் காதுக்குள் அடிக்கிறது என்று தீர்மானித்தேன். என் கணவரிடம் கேட்டேன். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லையாம். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். இரண்டு காதும் நன்றாக இருந்தும் கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதையும் கேட்காத மனிதர். அவருடைய சாட்சியத்தை நான் ஏற்கவில்லை.

அந்தப் பெண்ணிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் காலமெல்லாம் மனு வாங்கிய கைக்கு ஒருமுறை கொடுத்துப் பார்க்க ஆசை. திங்கட்கிழமை குறைதீர் நாளில் வரிசையில் நின்று, பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் ஒழுங்காக எழுதிய மனுவைக் கொடுத்தேன். வாங்கிய பெண் என்னிடம் வேலை பழகியவள். "மனுன்னா இப்படி இருக்கணும் மேடம்" என்றாள். உச்சி குளிர்ந்தது.

பத்தாம் நாள் சுகாதார ஆய்வாளர் வந்தார். ஐஸ் பெட்டியை அணைக்கச் சொன்னார்.

"இப்ப கேக்குதாங்க?"

"நல்லாக் கேக்குது."

மீன்காரப் பெண் பிளக்கைப் பிடுங்கிக் கையில் தூக்கிக் காட்டினாள். "அக்கா, வயரு என் கையில இருக்கு. இன்னும் கேக்குதுன்னா அடுத்து என்னையத்தான் அணைக்கணும்."

மாடியில் வேறு மோட்டார் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க ஆய்வாளர் படியேறினார். விடுவேனா, நானும் ஏறினேன். மேல்படியில் நின்றபோது சத்தம் இரண்டு மடங்கு வேகமாக அடித்தது. எந்த மோட்டாரும் என்னோடு படியேறி வந்து மூச்சு வாங்காது. மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தேன். இங்கே ஒன்று, அங்கே ஒன்று, தாளம் தப்பவில்லை. என் நாடியின் மீது நானே மனு கொடுத்திருக்கிறேன்.

"அறிக்கையில என்னன்னு மேடம் எழுத?" என்றார் ஆய்வாளர்.

'சொந்தக் காரணங்களால் மனுவைத் திரும்பப் பெறுகிறேன்' என்று அங்கேயே எழுதிக் கொடுத்தேன். அந்த வாசகத்தை ஆயிரம் தடவை படித்திருக்கிறேன். உண்மையாக எழுதப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மீன்காரப் பெண் சிரித்து முடித்துவிட்டு, "நாடி காதுல கேக்குறது நல்லதில்லக்கா, டாக்டருட்டப் போங்க" என்றாள்.

போனேன். காது டாக்டர் ஒரு சின்னக் குழாய்க் கேமராவை உள்ளே விட்டு எதிரே டிவியில் காட்டினார். செவிப்பறைக்குப் பின்னால், கீழ்ப்பக்கம், சூரியன் பாதி எழுந்ததுபோல ஒரு சிவப்பு. நான் கேட்கிற 'டும்'முக்குச் சரியாக அது துடித்தது. ரப்பர் பந்தை அழுத்திக் காற்றடித்தார். சிவப்பு வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தது. திருச்சிக்கு எழுதிக் கொடுத்தார்.

திருச்சி டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. இது ரத்தக் குழாய்களாலேயே ஆன கட்டி, அபூர்வமாக வருவது, பெரும்பாலும் புற்றுநோய் இல்லை என்றார்.

"சதை கிள்ளி டெஸ்ட் பண்ணாம எப்படிங்க சொல்றீங்க? நடைமுறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இதைக் கிள்ளுனா ரத்தம் நிக்கிறது கஷ்டம்மா. கிள்ளாம இருக்கிறதுதான் இதுக்கு நடைமுறை."

என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. பிடித்துப்போனது.

இரண்டு விதமான ஸ்கேன் எடுத்தார்கள். இந்தக் கட்டி சில பேருக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றும் சுரப்பை விடுமாம். அதைப் பார்க்க ஒரு முழு நாள் சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார்கள். மஞ்சள் கேனை மடியில் வைத்துக்கொண்டு திருச்சி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

"என்னம்மா, நல்லெண்ணெயா?" என்றார் கண்டக்டர்.

"சொந்தத் தயாரிப்பு" என்றேன். என் கணவர் அடுத்த சீட்டுக்கு மாறி உட்கார்ந்தார்.

சுரப்பு இல்லை. கட்டி சிறியது, நடுக்காதோடு நிற்கிறது. டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார்: "இப்ப எடுத்தா காது பெரும்பாலும் தப்பிச்சிரும். போகவும் கொஞ்சம் வாய்ப்பு இருக்கு. விட்டா மெதுவா மண்டையோட்டு அடிப்பக்கம் வளரும். அங்க முகத்து நரம்பு, முழுங்குற நரம்பு எல்லாம் இருக்கு. அப்புறம் காதைப் பத்தி மட்டும் பேச முடியாது."

போனால் எனக்கு மாற்றுக் காது கிடையாது.

"ஆறு மாசம் நிலுவையில வைக்கலாமா?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். வைக்கலாம் என்றார். வைத்தேன். கோப்புகள் நிலுவையில் தூங்கும், இது வளர்ந்திருந்தது. ஒப்புதல் படிவத்தை இரண்டு முறை படித்து, ஒரு பிழையும் கிடைக்காத ஏமாற்றத்தோடு கையெழுத்துப் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள் பகலில் என் கணவரை வலது பக்கம் உட்காரச் சொன்னேன்.

"ஏதாச்சும் பேசுங்க."

"என்ன பேச?"

"எதையாவது."

நான் கேட்டு அவர் பேசிய முதல் சந்தர்ப்பம். தொண்டையைச் செருமிக்கொண்டு பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொன்னார். பதினாறு பதினேழு வரும்போது குரல் உடைந்தது. நான் கடைசிவரை கேட்டேன்.

அறுவை சிகிச்சை முடிந்து காதுக்குள் மருந்துப் பஞ்சை அடைத்து வைத்தார்கள். இரண்டு வாரம் உலகம் வாயை மட்டும் அசைத்தது. பஞ்சுக்குப் பின்னால் காது இருக்கிறதா இல்லையா என்று அதுவரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கணவர் சீட்டில் எழுதிக் காட்டுவார்: 'மாத்திரை', 'இட்லியா தோசையா', 'மீன்காரம்மா வந்தாங்க, குழம்பு குடுத்தாங்க'. படித்துவிட்டு ஒவ்வொன்றிலும் தேதி போட்டுச் சுருக்கொப்பம் வைத்தேன். பழக்கம்.

பஞ்சை எடுக்கிற அன்று அவர் என் முதுகுப் பக்கம் நின்றார். டாக்டரம்மா மெல்ல உருவினார். ஈரமான காற்று உள்ளே போனது. 'டும்' இல்லை. வேறு ஒன்றும் இல்லை. நாற்காலிக் கையை இறுகப் பிடித்தேன். பிறகு எங்கோ பானைக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு கிசுகிசுப்பு:

"டாக்டர்... ரெண்டு வாரமா வீடு ரொம்ப அமைதியா இருந்துச்சு. அந்தப் பஞ்சை இன்னும் ஒரு வாரம் வச்சிட்டு எடுக்கலாமுங்களா?"

டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எனக்குக் கேட்டுவிட்டது என்று டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. சொல்லாதீர்கள் என்று உதட்டில் விரலை வைத்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கணவர் பக்கத்து சீட்டுக்காரரிடம் என்னைப் பற்றி மனம்விட்டுப் பேசிக்கொண்டே வந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, கீரனூர் தாண்டும்வரை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.