வேலிக்கு வெளியே நின்ற வெள்ளைப் பூ

மூன்று கோடைகளுக்கு முன்பு, ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஒஸ்லோ நகரின் கிழக்கு ஓரத்தில் எல்லிங்ஸ்ருட்டில் இருக்கும் என் வீட்டுப் பின்வளவில் நடந்தது இது. அன்றைக்கு நல்ல வெயில். வருடத்தில் பாதியை இருட்டில் கழிக்கும் எங்களுக்கு வெயிலைக் கண்டால் பித்துப் பிடித்துவிடும். அதனால்தான் என் தம்பி மனைவி அந்த நாளைத் தேர்ந்தெடுத்தாள்.

தம்பியின் மகளுக்கு அடுத்த சனிக்கிழமை சாமத்திய வீடு, பெரிய பிள்ளையானதற்கு எடுக்கும் நீராட்டு விழா. மண்டபம் எடுத்தாயிற்று, கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அதற்கு முன்னால் பிள்ளையைச் சேலை கட்டி வெளியில் வைத்துப் படம் பிடிக்க வேண்டும். தம்பி குடும்பம் ரொம்சோஸில் அடுக்குமாடியில் இருக்கிறது. என் வீட்டில்தான் தோட்டம் இருக்கிறது. தோட்டம் வேண்டும் என்று கேட்டார்கள். தோட்டத்துக்காரி வேண்டுமா என்பது வேறு கதை.

முறைப்படி பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்க வேண்டிய மாமி நான். ஆனால் என் கணவர் இறந்துவிட்டார். அதனால் தம்பி மனைவி லண்டனிலிருந்து தன் அண்ணன் மனைவியைக் கூப்பிட்டிருந்தாள். நாங்கள் வேதக்காரர், தீவுப் பக்கத்து ஆட்கள். கோயிலில் பாதர் எல்லாரும் சமம் என்று சொல்லும்போது நன்றாகத் தலையாட்டுவோம். தண்ணீர் வார்க்கும் நாளில் மட்டும் புருஷன் உள்ளவளைத் தேடுவோம்.

என் வேலிக்கு அப்பால் ஓர் ஓடை. அதன் கரையில் ஆளை விட உயரமாக ஒரு செடி வளரும். நோர்வேக்காரர் அதற்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் ‘ராட்சதக் கரடி பிஸ்கட்’ என்று வரும். பெயரைக் கேட்டுச் சிரிக்கலாம், கிட்டப் போகக் கூடாது. பூ பார்க்க அவ்வளவு வடிவு. கொத்தமல்லிப் பூவைக் குடையளவுக்குப் பெருக்கி வைத்த மாதிரி வெள்ளையாக விரிந்து நிற்கும். ஆனால் அதன் சாறு தோலில் பட்டு, அந்த இடத்தில் வெயிலும் பட்டால் தோல் வெந்து கொப்பளித்துவிடும். பட்ட உடனே ஒன்றும் தெரியாது. அதுதான் அதன் கள்ளத்தனம்.

என் வளவுக்குள் அதை நான் விடுவதில்லை. மே மாதத்தில் குருத்து தலை காட்டும்போதே, வெயில் இல்லாத மப்பு நாளாகப் பார்த்து, மழைச்சட்டை, நீளக் கையுறை, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு இறங்குவேன். மண்வெட்டியைச் சரித்து இறக்கி, ஒரு சாண் ஆழத்தில் வேரை வெட்ட வேண்டும். மேலோடு வெட்டினால் திரும்ப முளைக்கும். கணவர் இருந்தபோது இருவருமாகச் செய்த வேலை, பிறகு நான் தனியே செய்கிறேன். ஓடைக்கரை என்னுடைய நிலம் இல்லை. அங்கே வெட்ட வருகிற நகரசபை ஆட்கள் அந்தக் கோடையில் இன்னும் வந்திருக்கவில்லை.

இதையெல்லாம் தம்பிக்கு முதலே போனில் சொல்லியிருந்தேன். வேலிக்கு அங்கால் ஒருவரும் போகக் கூடாது, அந்தப் பூவைத் தொடவே கூடாது என்றேன். “ஓம் அக்கா, ஓம்” என்றான். டிவியைப் பார்த்துக்கொண்டே சொல்லும் ஓம் எது என்று எனக்குத் தெரியாதா?

ஞாயிறு பூசை முடிந்து வந்தார்கள். பிள்ளை மேல் அறையில் சேலை உடுத்திக்கொண்டிருக்க, தம்பி மனைவி என்னைக் குசினிக்குள் கூட்டிப்போனாள்.

“மச்சாள், குறை நினையாதேங்கோ. பிள்ளை நல்ல காரியத்துக்கு வெளிக்கிட்டு முதல் முதல் படத்துக்கு நிக்கப் போறாள். நீங்கள் கொஞ்ச நேரம் உள்ளுக்கை நிண்டால் நல்லது. என்ரை அம்மாவும் சொன்னவ.”

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் போனைப் பார்த்தான்.

என் வீடு, என் தோட்டம், அதற்குள் நான் போகக் கூடாது. சண்டை பிடித்திருக்கலாம். பிள்ளையின் நாளைக் கெடுக்க மனம் வரவில்லை. “அந்தப் பூவைக் கவனம்” என்று மட்டும் திரும்பவும் சொல்லிவிட்டு, வந்தவர்களுக்கு ரோல்ஸ் பொரிக்கத் தொடங்கினேன். என் குசினி ஜன்னல் தெருவைப் பார்த்தது, தோட்டம் தெரியாது. கோபத்தில் இரண்டு மூன்று ரோல்ஸைக் கருக்கியும் விட்டேன்.

படம் பிடிக்க வந்தவர் எங்கள் ஆள்தான், நல்ல மனிதர். அந்தப் பூவைப் பற்றி அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. தெரிந்தவள் எண்ணெய்ச் சட்டியடியில் நின்றாள்.

தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது பின்கதவுக் கண்ணாடியால் பார்த்தேன். பிள்ளை அரக்குச் சேலையில் நிற்கிறாள். அவளுடைய கையில் அந்தப் பூ, தலைக்கு மேல் குடை மாதிரி. முறித்த தண்டிலிருந்து சாறு வழிந்து கையில் இறங்குகிறது. எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். பூவைப் பறித்து எறிந்தேன், பிள்ளையைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். சவர்க்காரம் போட்டுப் போட்டுக் கழுவினேன். “குஞ்சு, ரெண்டு நாளைக்கு உந்தக் கையிலை வெயில் படக்கூடாது, மூடி வை” என்றேன். பயந்துபோய்த் தலையாட்டினாள்.

தாய் வாசலில் வந்து நின்றாள். “சேலை முழுக்க நனைஞ்சு போச்சுது. ஒரு பூவுக்கே மச்சாள் இந்தக் கூத்து?”

“விடுங்கோ அக்கா” என்றான் தம்பி.

சேலையைத் துடைத்து, பிள்ளையைத் திரும்பவும் வெயிலுக்குக் கொண்டுபோனார்கள். துவாயால் கையை மூடச் சொன்னேன். மூடினால் காப்பு தெரியாதாம். பின்னேரம் வரைக்கும் படம் எடுத்தார்கள்.

இரண்டாம் நாள் கை கொப்பளித்தது. பிள்ளை நோவில் அழுதாளாம். டாக்டர் களிம்பு கொடுத்து, கையை மூடி வைக்கச் சொன்னாராம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். என் மணிக்கட்டிலும் ஒரு கொப்புளம் வந்தது, அதைக் கேட்க ஆளில்லை. ஒஸ்லோவின் குறொன்லாண்ட் கடைத்தெருவில் அவசர அவசரமாக நீளக் கை வைத்த பிளவுஸ் தைப்பித்து, சனிக்கிழமை விழாவை நடத்தி முடித்தார்கள்.

மண்டபத்தில் நான் கடைசி மேசையில் இருந்தேன். பக்கத்து மேசைப் பெண்கள் என்னை யாரென்று தெரியாமல் கதைத்தார்கள்.

“தேப்பன்ரை தமக்கைக்காரி ஓடிவந்து பிடிச்சவவாம். பிடிச்ச இடத்திலை விரல் அடையாளம் அப்பிடியே கிடக்காம்.”

“புருஷன் இல்லாதவவெல்லே? பின்னை என்ன நடக்கும்?”

சாறு வழிந்த பாதை மூன்று கோடாக வெந்திருந்தது. பார்த்தால் யாரோ பிடித்து இழுத்த விரல் மாதிரித்தான் இருக்கும். அந்தக் கதையை யார் தொடங்கியது என்று நான் கேட்கவில்லை. தம்பி மனைவி மறுக்கவும் இல்லை, தம்பி வாய் திறக்கவும் இல்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அதன் பிறகு கோயிலில் கண்டால் பிள்ளை தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கழுவிவிட்டது யார் என்று அவளுக்குத் தெரியும். சின்னப் பிள்ளைதானே, அவளில் எனக்குக் கோபமில்லை என்று எழுத ஆசை. கோபம் இருந்தது.

இந்த மே மாதம் தம்பி போன் எடுத்தான். ரொம்சோஸ் பக்கத்தில் மரக்கறி நட ஒரு துண்டு நிலம் எடுத்திருக்கிறார்களாம்.

“அக்கா, உந்தப் பூண்டு எங்கடை துண்டிலையும் முளைச்சுக் கிடக்கு. இவ தொடப் பயப்பிடுறா. நீங்கள் ஒருக்கா வந்து பாப்பியளோ?”

போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஒரு மப்பு நாளில் மழைச்சட்டையும் மண்வெட்டியுமாகப் போய் நின்றேன். தம்பி மனைவி மகளைத் தள்ளிக் கூட்டிப்போய் நிறுத்தினாள். “மாமி முடிக்குமட்டும் கிட்டப் போகாதை” என்றாள். உள்ளே நில்லுங்கோ என்று இந்த முறை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

வேர்களைக் கிளறி எடுத்துப் பையில் கட்டி முடித்தபோது பிள்ளை தண்ணீர்ப் போத்தலோடு வந்தாள். என்னை விட உயர்ந்துவிட்டாள், நீளக் கைச்சட்டை. தண்ணீரை என் கையில் ஊற்றிக்கொண்டே மெல்லச் சொன்னாள்.

“மாமி, அது பூவாலைதான் வந்தது எண்டு எனக்குத் தெரியும்.”

“அப்ப ஏனம்மா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?”

தாய் நின்ற பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு போத்தலை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

கை காய்ந்ததும் நானும் பஸ் எடுத்து வீட்டுக்கு வந்துவிட்டேன். நல்ல காரியத்துக்கு உள்ளே நில் என்றவர்களே விஷத்துக்கு முன்னால் வா என்று கூப்பிட்டார்கள்; இரண்டு தடவையும் மறுபேச்சில்லாமல் சொன்னபடி செய்தேனே என்பதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு எரிகிறது.