தம்பி படகில் சீரியல் பல்ப், மரத்தில் மின்மினி

இன்று இருட்டியதும், சித்தியவான் ஊர்ப் பக்கம் ஆற்றில், என் தம்பியின் படகில்...

லோரி ஓட்டிக்கொண்டிருந்த தம்பி சரவணன், வேலையை விட்டுவிட்டு மின்மினி காட்டும் படகு வாங்கியிருக்கிறான். இன்று முதல் சவாரி. (பயம் எனக்குத்தான். அவன் ஜாலியாக இருந்தான்.)

முதல் சவாரி இருட்டில் போகக் கூடாதாம். முன்பக்கம் முருகன் படம், மல்லிகை மாலை. அதைச் சுற்றி, அப்படியே படகு முழுக்க, தீபாவளிக்கு வாங்கிய சீரியல் பல்ப்!

பயணிகள், ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு பாயும் அவர் குடும்பமும்.

ஆற்றோர மரங்களை நெருங்கினோம். ஒரு மின்மினி கூட இல்லை.

விட்டில்பூச்சிகள்தான் கல்யாண வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் மாதிரி வந்து குவிந்தன. ஒன்று பாயின் மூக்குக்கண்ணாடியிலேயே உட்கார்ந்துவிட்டது.

"தம்பி, இதப் பாக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்? எங்க கடை லைட்டுக்குக் கீழ தெனமும் இருக்குலா."

தம்பியின் முகம் சுண்டிப்போனது. எனக்கு மனசே கேட்கவில்லை.

"டேய், இந்தப் பூச்சி வெளிச்சத்தத் தேடி வரும். கெலிப்-கெலிப்புக்கு, அதான் மின்மினிக்கு, அது தேவையில்ல, அதுகிட்டயே லைட் இருக்கு. உன் பல்ப பாத்தா அது அணைச்சிட்டு உக்காந்துக்கும். மொதல்ல ஆஃப் பண்ணு."

"சாமி முன்னாடி எப்படிக்கா அணைக்கிறது? மொத சவாரிலா."

"சாமிக்கு இருட்டுல கண்ணு தெரியும்டா. நமக்குத்தான் இங்க ஒண்ணும் தெரியல."

பாய் சிரித்துவிட்டார். தம்பி படத்தைக் கும்பிட்டு, "மன்னிச்சுக்கோ முருகா" என்று முணுமுணுத்தபடி சுவிட்சைத் தட்டினான்.

கும்மிருட்டு. விட்டில்கள் கலைந்து போயின. லோரி வேலையைத் திரும்பக் கேட்டால் கொடுப்பார்களா என்று நான் யோசிக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது ஒரு கிளையில் ஒரு பொட்டு வெளிச்சம்.

அப்புறம் மரம் முழுக்க. எல்லாம் ஒன்றாக மினுக்கி, ஒன்றாக அணைந்து, மறுபடியும் மினுக்கின. பாயின் மனைவி "மாஷா அல்லாஹ்" என்றார், மெதுவாக.

ஒரு மின்மினி மட்டும் பறந்து வந்து முருகன் மாலையில் உட்கார்ந்தது. விட்டு விட்டு எரிந்தது.

"பாத்தியாடா, அவருக்கு வேண்டிய லைட்ட அவரே வரவழைச்சுக்கிட்டாரு."

தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். அழுதானா என்று தெரியவில்லை, இருட்டு. நான் அழுதேன்.

இறங்கும்போது பாய் சொன்னார்: "அடுத்த வாரம் கடைப் பிள்ளைங்களக் கூட்டிட்டு வாரேன் தம்பி. அந்த பல்ப் மட்டும் வேணாம்."

அந்த பல்ப் இப்போது என் வீட்டு வாசலில். சித்தியவான் விட்டில்பூச்சிகள் அத்தனையும் இங்கேதான் விருந்து.

யாருக்காவது வேண்டுமா?