ஆறாம் நம்பர் பை

"அண்ணே, ஆறாம் நம்பர் பை ஜீப்புலேர்ந்து விழுந்து தொலைஞ்சிருச்சுன்னீங்க. இங்க இருபத்தாறுன்னு ரெண்டு பை இருக்கே?"

மேடம் இப்படிக் கேட்டபோது சாம்பிள் ரூம் தரையில் பைகளைப் பரப்பியிருந்தோம். அவர் திருமயம் பக்கத்துப் பெண், நான் திருவரங்குளத்துக்காரன். இமயமலைச் சுண்ணாம்புப் பாறையை ஆராய்வது அவர் வேலை. பை சுமந்து நம்பர் எழுதுவது என் வேலை.

பாறைக்குப் பெயர் வைப்பது லேசில்லை. அடுக்கு எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது, எத்தனை மீட்டர் என்று காட்ட வேண்டும். பெயரும் பக்கத்து ஊரின் பெயராக இருக்க வேண்டும். மேல் அடுக்கு இதுவரை பெயரில்லாதது, டெவோனியன் என்ற மிகப் பழைய காலத்தது என்று மேடம் எழுதினார். இருபத்தாறாம் பையிலிருந்த பவளத் தடம்தான் சாட்சி. எங்களுக்குச் சோறு போட்ட மலைக் கிராமத்தின் பெயரையே வைத்தார். கட்டுரையின் முதல் பக்கத்தை ஊர்த்தலைவர் கோயில் சுவரில் ஒட்டிவிட்டார்.

பிறகு போன வேறு குழுவுக்கு அந்த அடுக்கில் ஒரு பவளமும் கிடைக்கவில்லை. அது பிந்தைய காலத்துப் பாறை, ஏற்கெனவே பெயருள்ளது என்றார்கள். அதனால்தான் பைகளை இறக்கினோம்.

குனிந்து பார்த்தேன். என் கையெழுத்துத்தான். அந்தப் பை எடுத்த அன்று பிள்ளையார் சதுர்த்தி. மலையில் கொழுக்கட்டைக்கு ஏது வழி? அன்றைய முதல் பையில் பிள்ளையார் சுழி மட்டும் போட்டு, பக்கத்தில் ஆறு என்று எழுதினேன். ஆய்வுக்கூடத்தில் 'உ6' என்பதை 26 என்று படித்துவிட்டார்கள். ஒரே இடத்துக் கல்லை ஒரே நம்பரில் இரண்டு பையில் போடுவதும் உண்டு, யாரும் சந்தேகப்படவில்லை. நம்பர் அடியிலிருந்து மேலே ஏறும்; அடியில் எடுத்த கல் மேல் அடுக்கின் கணக்கில் போய்விட்டது.

"மேடம், இது ரெண்டு இல்லீங்க. சுழி."

அவர் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளையார் நம்மள நல்லா வச்சுச் செஞ்சுட்டாருண்ணே" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"அந்த ஊர்ப் பேர வேற பாறைக்கு வச்சிரலாமுங்களா?"

"வச்சு எடுத்த பேர மறுபடி வைக்கக் கூடாதுண்ணே. அம்புட்டுதான்."

பெயரைத் திரும்பப் பெறும் கடிதத்தில், சாம்பிள் எண்ணில் தன் தவறு என்று எழுதினார். என்னைப் பற்றி ஒரு வரி இல்லை.

மறு வருஷம் போனபோதும் அந்தத் தாள் கோயில் சுவரில் இருந்தது. தலைவர் அதற்குப் பொட்டு வைத்திருந்தார். சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதன் முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் சுழி போடாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பைக்கு உள்ளே போடுங்கள். வெளியே நம்பர் மட்டும் இருக்கட்டும்.