முப்பதாவது இடம்

முப்பத்துமூன்று வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் பலெர்மோவில் ஒருவரும் நம்புவதில்லை. ஐஸ் ஹொக்கி ஆடி ஓய்வு பெற்றேன் என்றால் சிரிக்கிறார்கள். இந்த ஊருக்குத் தெரிந்த ஐஸ், கபோ சந்தையில் மீனுக்கு அடியில் கிடப்பது. இத்தாலியின் வடக்கே மலைப் பள்ளத்தாக்குகளில் பல வருடங்கள் சம்பளத்துக்குத் தடுப்பாட்டம் ஆடியதற்கு என்னிடம் மிஞ்சியுள்ள அத்தாட்சி, உதவாத முழங்கால்களும் சில பொய்ப் பற்களும்தான். அடித்த கோல்கள் அந்தப் பற்களைவிடக் குறைவு. தடுப்பாட்டக்காரனுக்கு அது குறையல்ல. எதிராளிக்கும் கோலுக்கும் நடுவே நிற்பதுதான் அவனுக்கு வேலை. இப்போது என்னால் ஓரிடத்தில் பத்து நிமிடம் இருக்க முடியவில்லை. கதிரையில் இருந்தால் கால் தானாக ஆடுகிறது. எழுந்து ஜன்னலைத் திறக்கிறேன், மூடுகிறேன், மறுபடி திறக்கிறேன்.

ஓரிடத்தில் நிற்க நான் கற்றுக்கொண்டது பதினொரு வயதில், குடியேற்ற அலுவலகத்தின் வெளிச்சுவர் ஓரமாக.

அப்போது பலெர்மோவின் கால்சாப் பகுதியில், கோவில் மண்டபத்துக்குப் பின்னால் இருந்த சீமெந்துத் திடலில், சில்லு பூட்டிய சப்பாத்தோடு ஹொக்கி ஆடிக்கொண்டிருந்தோம். பயிற்சியாளர் வடக்கு மலைப்பக்கத்துக்காரர்; ரயில்வேயில் மாற்றலாகி வந்தவர். எங்கள் திடலை அவர் ஒரு தண்டனையாகவே பார்த்தார் என்று நினைக்கிறேன். அந்த வருடம் அவர் இரண்டு பேரைத் தன் ஊருக்கு, உண்மையான பனித் தளத்துக்கு, ஒரு கிழமை பயிற்சிக்குக் கூட்டிப்போவதாக இருந்தார். பிடித்துப்போனால் அங்குள்ள கழகம் ஒருவனைத் தன் சிறுவர் அணியில் வைத்துக்கொள்ளும். தெரிவானவர்கள் பேக்கரிக்காரரின் மகனும் நானும். அதற்குத் தேவைப்பட்டவை மருத்துவச் சான்றிதழ், பெற்றோர் கையொப்பம், பெர்மெஸ்ஸோ என்னும் வதிவிட அனுமதியின் பிரதி. எங்கள் பெர்மெஸ்ஸோ காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்கக் கொடுத்த பற்றுச்சீட்டாவது இல்லாமல் ரயிலில் ஏற்ற முடியாது என்றார் அவர். பிறகு எத்தனையோ விண்ணப்பங்களை நானே நிரப்பியிருக்கிறேன். அவர் கேட்டது சரிதான்.

ரயில் பகல் இரண்டு மணிக்கு. பற்றுச்சீட்டை அன்று காலையிலேயே எடுத்தாக வேண்டும்.

அந்த நாட்களில் அலுவலகம் ஒரு காலையில் முப்பது பேரைத்தான் உள்ளே எடுக்கும். அதற்கு வெளியே ஒரு தாள் இருந்தது. அலுவலகத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. முதலில் வந்தவர் கொப்பியில் ஒற்றை கிழித்துப் பெயர்களை எழுதத் தொடங்குவார். அரை மணிக்கு ஒரு தடவை பெயர் கூப்பிடப்படும். ஆள் இல்லாவிட்டால் வெட்டு. குடும்பத்தில் ஒருவர் மற்றவருக்காக நிற்கலாம். இது எந்த அரசிதழிலும் வராத சட்டம். ஆனாலும் நான் அறிந்த விதிகளில் இதுபோல் ஒழுங்காக நடைமுறையானது வேறில்லை. அன்று தாள் மன்னார்க்கார அன்ரி ஒருவரின் கையில் இருந்தது. விடியவே போயும் எங்களுக்குக் கிடைத்தது முப்பதாவது இடம்.

அப்பா வயதான ஒரு இத்தாலியச் சிஞ்ஞோரை அவர் வீட்டில் பராமரித்துவந்தார். அவரை எழுப்பி, கழுவி, கோப்பி கொடுத்துவிட்டு வர வேண்டும்.

"இஞ்சை நில். ஆர் வந்தாலும் இடத்தை விடாதை. எட்டரைக்கு வாறன்."

நின்றேன். நின்றேன் என்பது பெருமைக்குச் சொல்வது. ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறினேன், சுவரில் உதைத்தேன், என் பயணப் பையின் சிப்பைத் திறந்து திறந்து மூடினேன். தீவிலிருந்து கடலைக் கடக்க ரயிலைப் பெட்டி பெட்டியாகக் கழற்றிக் கப்பலில் ஏற்றுவார்கள் என்று பேக்கரிக்காரரின் மகன் சொல்லியிருந்தான். அதை வேறு பார்க்க வேண்டும். இரண்டு தடவை பெயர் கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும் வரிசையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"மெதுவாச் சொல்லன்ரா. எனக்குக் காது நல்லாக் கேக்கும்" என்றார் அன்ரி.

எட்டேகால் அளவில் நீலச் சட்டை போட்ட ஒரு உயரமான மனிதர் ஓடிவந்தார். அவருடைய மொழி எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இத்தாலியனில் அவரிடம் இருந்தது ஒரே சொல்: "ஒஜ்ஜி, ஒஜ்ஜி." இன்றைக்கு, இன்றைக்கு. பிளாஸ்டிக் உறை ஒன்றை ஒவ்வொருவருக்கும் நீட்டினார். எல்லோரும் முகத்தைத் திருப்பினார்கள். இன்றைக்கு என்று சொல்லாமல் அங்கே யார் வந்திருந்தார்கள்? கடைசியில் எனக்கும் சுவருக்கும் நடுவே நுழையப் பார்த்தார். வரிசையில் நான்தான் சின்னவன். தாக்குதல் ஆட்டக்காரனாக இருந்தால் நானும் அங்கேதான் நுழைந்திருப்பேன்.

பயிற்சியாளர் சொல்லித் தந்தபடியே செய்தேன். முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பாவிக்கவில்லை. நெஞ்சைப் பார்த்தேன், குனிந்தேன், இடுப்பைக் கொடுத்தேன். அவர் என்மேல் உருண்டு விழுந்தார். உறை வெடித்துத் தாள்கள் நடைபாதையெங்கும் பறந்தன. ஹொக்கியில், ஆடும் வட்டு தன்னிடம் இல்லாத ஆளை இடித்தால் இரண்டு நிமிடத் தண்டனை என்பது விதி. ஆனால் அங்கே நடுவர் இல்லை. வரிசையில் சிலர் கைதட்டினார்கள்.

"எங்கடை பெடியன் விடான்!" என்றார் அன்ரி.

என் வாழ்வில் கேட்ட முதலாவது கைதட்டல் அது. அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார்.

அவர் என்னை ஏசவில்லை. குந்தியிருந்து தாள்களைப் பொறுக்கத் தொடங்கினார். கையில் சிவப்பு முத்திரை குத்திய ஒரு தாள் அகப்பட்டது. அப்பாவின் இத்தாலியன் சமையலறைக்கும் குளியலறைக்கும் போதுமானது. கடிதங்களை எல்லாம் நான்தான் வாசிப்பேன். எங்களில் எந்தப் பிள்ளையும் அப்படித்தான்.

"இதிலை என்ன கிடக்கு? வாசி."

வாசித்தேன். "குறையிற பேப்பரைப் பத்து நாளுக்குள்ளை கொண்டுவந்து குடுக்கோணுமாம். இல்லாட்டி விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்வினமாம். இண்டையோடை முடியுது. அப்பா, கதவு திறக்கப் போறாங்கள், எழும்புங்கோ!"

அப்பா தாளைப் பார்த்தார். என் பயணப் பையைப் பார்த்தார்.

"அக்கா, எங்கடை பேரை வெட்டிப்போட்டு இவரைப் போடுங்கோ."

"உனக்கென்ன விசரே தம்பி? பெடியனுக்கு ரெண்டு மணிக்கு ரெயின் எண்டு நீதானே சொன்னனீ."

"ஓம், சொன்னனான்."

"பிறகு?"

"போடுங்கோ அக்கா."

அன்ரி வெட்டினார், பேனை ஒற்றையைக் கிழிக்கும் அளவுக்கு. நான் உயிரைக் கொடுத்துக் காத்த இடத்தில் அந்த நீலச் சட்டை போய் நின்றது. அப்பா அங்கேயே மறுநாளுக்கு ஒரு தாளைத் தொடங்கி எங்கள் பெயரை முதலாவதாக எழுதுவித்தார். நான் பையின் மேல் இருந்து, அவரைப்போல மோசமான தடுப்பாட்டக்காரர் உலகத்தில் இல்லை என்று முடிவுகட்டினேன்.

பதினொரு மணி அளவில் அந்த மனிதர் வெளியே வந்தார். கையில் ஒரு பற்றுச்சீட்டு. அப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார். பிறகு குனிந்து என்னிடமும் கை நீட்டினார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சிறிது நேரம் நீட்டியபடியே நின்றுவிட்டு, அந்தக் கையால் என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

இரண்டு மணி ரயிலில் பேக்கரிக்காரரின் மகன் போனான். குளிர் பிடிக்கவில்லை என்று அழுதுகொண்டே திரும்பி வந்தான். அடுத்த வருடம் நான் போனேன்; கழகம் என்னை வைத்துக்கொண்டது. இடத்தை விடாதவன் என்ற பெயர் கடைசி ஆட்டம் வரை எனக்கு இருந்தது. ஹொக்கியில் ஒரு வழக்கம் உண்டு. தொடர் முடிந்ததும் இரண்டு அணிகளும் வரிசையாக வந்து கைகுலுக்க வேண்டும். என் பல்லை உடைத்தவனோடும் குலுக்கியிருக்கிறேன். ஒரு தடவையும் தவறவிட்டதில்லை.

இப்போது வேறு வேலை இல்லாததால் சனிக்கிழமைகளில் கோவில் மண்டபத்தில் இருந்து மற்றவர்களின் கடிதங்களை வாசித்துக் கொடுக்கிறேன். போன கிழமை ஒரு பெண் நீட்டிய தாளில் அதே வசனங்கள் இருந்தன, அதே பத்து நாட்கள். தள்ளுபடி என்றால் அதன்பின் என்னென்ன நடக்கும், எத்தனை நாளில் நாட்டை விட்டுப் போகச் சொல்வார்கள், வீட்டில் எந்தப் பிள்ளையின் பள்ளிக்கூடம் நிற்கும் என்பதெல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம். எழுந்து மண்டபத்தை இரண்டு தடவை சுற்றிவந்துதான் அவருக்குப் பதில் சொன்னேன்.

அப்பாவுக்கு அன்று அந்தத் தாளை வாசித்தவன் நான். ஒரு சொல்லும் பிழைவிடாமல் வாசித்தேன்; விளங்கிக்கொண்டவர் அப்பா.