பஸ் போன பிறகு நின்றவர்கள்

என் உத்தியோகத்தில் நான் விட்ட மிகப் பெரிய பிழையை அழகாகத் தட்டச்சு செய்து, பைலில் போட்டு, நானே கையெழுத்தும் வைத்துக் கொடுத்தேன்.

அப்போது போக்குவரத்துத் திட்டமிடலில் இருந்தேன். அரச பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் முந்திக்கொண்டு ஓடுவதை நிறுத்த இணைந்த நேர அட்டவணை தயாரானது. வடமராட்சிக் கரையிலிருந்து நெல்லியடிக்கு வரும் காலை ஐந்தரைத் தனியார் பஸ்ஸில் ஒரு கிழமை ஏறியிருந்து ஆட்களை எண்ணினேன். பாதி சீற் காலி. பயணிகள் குறைவு, ஓட்டத்தை நிறுத்தலாம் என்று எழுதிவிட்டேன். வெறும் பஸ் டீசலை எரித்துப் புகை கக்குவதைத் தடுத்துவிட்ட பெருமை வேறு.

அறிக்கை கொடுத்த மூன்றாம் நாள் எங்கள் கந்தோருக்கு மகேஸ்வரி அக்கா வந்தார். நெல்லியடிச் சந்தையில் மீன் விற்பவர். இடக்கையில் கட்டு. பட்டா என்கிற சின்ன லொறியில் ஐஸ் பெட்டிக்கு மேல் குந்தி வந்தவர், வளைவில் றோட்டில் விழுந்துவிட்டாராம். அந்த ஐந்தரை ஓட்டத்தை வெட்ட வேண்டாம் என்று கேட்க வந்திருந்தார். பஸ் இருக்க ஏன் லொறியில் வந்தீர்கள் என்று கொஞ்சம் அதட்டலாகவே கேட்டேன்.

"நீங்கள் பஸ்ஸுக்குள்ளை இருந்தெல்லோ எண்ணினியள், தங்கச்சி. எங்களை ஏத்தினால்தானே நாங்கள் உள்ளுக்கை இருப்பம்? அதை நிப்பாட்டாமல், எங்களையும் ஏத்தச் சொல்லுங்கோ."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அடுத்த நாள் விடிய மீன் விற்கும் பெண்கள் நிற்கும் பஸ் தரிப்பிடத்தில் போய் நின்றேன். மீன்பெட்டிகளைக் கண்ட பஸ் நிற்காமலே போனது. பதினொரு பெண்கள் பின்னால் வந்த பட்டாவில் தொற்றி ஏறினார்கள். நான் உள்ளே குனிந்து தாளில் கோடு போட்ட ஒரு கிழமையும் இதுதான் நடந்திருக்கிறது.

அறிக்கையைத் திருப்பி வாங்கினேன். பஸ் முதலாளி லேசில் மசியவில்லை.

"மீன் வெடுக்கு மணம் ஒட்டினால் வேலைக்குப் போற சனம் ஏறாது, மிஸ்."

அதிலும் நியாயம் இருந்தது. ஆகவே பின் சீற்றைக் கழற்றி, தண்ணீர் வெளியே வடியக் குழாய் வைத்த தகரத் தட்டு பூட்டச் சொன்னேன். பெண்கள் பெட்டியை விட்டு மூடி போட்ட வாளிக்கு மாறச் சம்மதித்தார்கள். ஒரு மாதம் ஓடிப் பார்ப்போம் என்றேன். சரிவராவிட்டால் உம்முடைய பெயர்தான் கெடும் என்றார் மேலதிகாரி. கெட்டால் கெடட்டும் என்றுவிட்டேன்.

முதல் நாள் விடிய நானும் தரிப்பிடத்துக்குப் போனேன். பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து மகேஸ்வரி அக்காவின் வாளியை வாங்கினார்.

"கை நோகும், நீங்கள் முன்னுக்கு ஏறுங்கோ அக்கா."

மாதம் முடிய, ரீச்சர்மாரும் நேர்ஸ்மாரும் அதே பஸ்ஸில்தான் வந்தார்கள். இரண்டாவது ஓட்டத்துக்கு பெர்மிட் கேட்டு முதலாளியே கந்தோர் ஏறினார். நான் துள்ளிக் குதிக்காத குறை.

திட்டமிடலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: பஸ் போன பிறகு றோட்டில் நிற்பவர்களை முதலில் எண்ணுங்கள். அந்த முதல் நாளும் நான் எண்ணினேன். பஸ் போன பிறகு தரிப்பிடத்தில் நின்றது நான் ஒருத்திதான்.