நான் தைத்த நாவலின் கொலைகாரன்

வங்காளத்தில் ஒரு புத்தக பைண்டிங் பட்டறையில் எனக்குப் பல வருட வேலை. வங்காளம் பேசுவேன், படிக்க வராது. தமிழே ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது.

போன வருடம் ஒரு வங்காளி எழுத்தாளர் பட்டறைக்கு வந்து உட்கார ஆரம்பித்தார். பதிப்பகத்துக்குள் நடக்கும் கொலையைப் பற்றி மர்ம நாவல் எழுதுகிறாராம். கூச்சத்தில் யாரோடும் பேசாத நான், அவர் மரியாதையாகக் கேட்டதால் பேசினேன். மஞ்சள் காமாலையில் மனைவி போனதைக்கூடச் சொன்னேன்.

இந்தக் குளிர்காலத்தில் புத்தகக் கண்காட்சிக்காக அந்த நாவல் அவசர அவசரமாக அச்சாகி வந்தது. நானே மடித்தேன், தைத்தேன், அட்டை ஒட்டினேன். ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். கல்லூரியில் படிக்கும் மகள் படித்துத் தமிழில் சொன்னாள்.

"கொலை பண்றது பைண்டர்தான்பா. மதராஸி. திக்கித் திக்கிப் பேசுவான். தினமும் தயிர் சாதம்." புத்தகத்தை மூடினாள்.

"அப்புறம்?"

"வேண்டாம்பா."

"படி."

"பொண்டாட்டிக்கு விஷம் வச்சதும் அவன்தானாம்."

அன்று அவளும் நானும் சாப்பிடவில்லை.

கண்காட்சி தொடங்கியதும், என்னை தாதா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் பட்டறைச் சந்தில் எல்லோருக்கும் கதை தெரிந்துவிட்டது. டீக்கடைக்காரர், "கொலைகார தாதா, சர்க்கரை நான் போடவா, இல்ல நீங்களே ஏதாவது கலந்துக்குவீங்களா?" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

கண்காட்சி முடிவதற்குள் பிரதிகள் தீர்ந்தன. இரண்டாம் பதிப்புத் தாள்கள் வந்த அன்று எழுத்தாளர் சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு வந்தார்.

"தாதா, கதையே உங்களாலதான் நிக்குது."

"என் பொண்டாட்டிய எதுக்குக் கொன்னீங்க?" திக்கியபடியே கேட்டேன்.

"அது கற்பனை, தாதா."

"கற்பனைன்னா என் தயிர் சாதம் எதுக்கு? அவ சாவு எதுக்கு?"

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி, "நாளைக்கு இது புக் ஸ்டாலுக்குப் போகணும். சண்டைய அப்புறம் வச்சுக்க" என்றார்.

"அந்த வரிகளை எடுக்காம நான் தொட மாட்டேன்."

"அப்போ கிளம்பு. ஊசி பிடிக்க ஆளா இல்ல?"

கிளம்பிவிட்டேன். இப்போது துறைமுகப் பக்கம் கிடர்பூரில் கப்பல் ஆபீஸ்களுக்கு ரசீதுப் புத்தகம் தைக்கிறேன். அந்த நாவல் நன்றாக விற்கிறதாம். அதைப் படிக்கும் ஒவ்வொருவர் வீட்டிலும் என் மனைவி என் கையால் சாகிறாள்.