எழும்பூர் வாசல் வரை

ஆம்புலன்ஸ் நர்ஸ் செல்வமேரியின் வண்டியில் எத்தனையோ பச்சைப் பிள்ளைகள் பயணம் போயிருக்கின்றன. அவளை அம்மா என்று அழைக்கத்தான் ஒன்றுமில்லை. வயிற்றில் பிறந்த ஒரே மகன் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. பிறகு கணவனும் தங்கவில்லை. அஸ்தினாபுரத்தில் ஒற்றை அறை, ஒரு தட்டு, ஒரு தலையணை.

அன்று அடைமழை. அனகாபுத்தூரில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. மாதம் நிறையுமுன்பே பிறந்த பெண் குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தாய் விஷ்ணுப்ரியாவுக்கு ஆபரேஷன் மயக்கம்கூடத் தெளியவில்லை. தகப்பன் ஸ்ரீரங்கன் மட்டும் வண்டியில் ஏறினான்.

குழந்தையின் பாதத்தைத் தொட்டதும் செல்வமேரிக்குத் திக்கென்றது. சில்லிட்டுக் கிடந்தது. சுற்றியிருந்த வெள்ளை வேட்டியில் ஈரம். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாதென்று, ஸ்ரீரங்கனின் அக்கா தன் அப்பா கட்டிய பழைய வேட்டியைத் துவைத்து, அது சரியாகக் காயுமுன்பே ஆசையாய்க் கொண்டுவந்து சுற்றியிருந்தாளாம். அந்த ஆசையை எப்படித் திட்டுவது? செல்வமேரி வேட்டியை உருவினாள்; குழந்தையைத் துடைத்துக் காய்ந்த குல்லா மாட்டினாள்.

அந்த வண்டியில் ஆக்சிஜன் உண்டு. சூடு தரும் பெட்டி கிடையாது. இன்னும் குளிர்ந்தால் இருக்கிற மூச்சும் நின்றுபோகும். மனித உடம்பின் சூட்டை விட்டால் வேறு கதியில்லை.

"சட்டையைத் திறங்க சார். இவளை நெஞ்சோட சேர்த்து வச்சுக்கணும்."

ஸ்ரீரங்கன் பின்னுக்கு நகர்ந்தான். "எனக்குத் தூக்கவே தெரியாது சிஸ்டர். நீங்களே வச்சுக்குங்களேன்."

கேட்காமலே கிடைத்த வரம் போலிருந்தது அவளுக்கு. மார்பு தவித்தது. கை தானாகவே தன் சட்டைப் பொத்தானுக்குப் போய், அங்கேயே நின்றது.

"நான் எழும்பூர் வாசலோட சரி சார். அதுக்கப்புறமும் இவளுக்குச் சூடு வேணும். அப்ப கூட இருக்கப்போறது நீங்கதான்."

அவன் நெஞ்சில் குழந்தையைக் கிடத்திக் கம்பளியால் மூடினாள். ஆக்சிஜன் குழாயைப் பிடித்தபடி எதிரே உட்கார்ந்துகொண்டாள். பல்லாவரம் நெரிசலில் வண்டி ஊர்ந்தது. கிண்டி தாண்டியபோது அந்தப் பிஞ்சுப் பாதத்தில் லேசான வெதுவெதுப்பு. ஈனக் குரலில் ஒரு அழுகை. "அப்பா இருக்கேன்டா கண்ணு," என்று அவனும் அழுதான். செல்வமேரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எழும்பூரில் கை நீட்டிய நர்ஸிடமும் அவன் குழந்தையைத் தரவில்லை. நெஞ்சோடு அணைத்தபடியே உள்ளே விரைந்தான். திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. தோன்றாதது நியாயம்தானே.

டிரைவர் ஏசுபாதம் எட்டிப் பார்த்தார். "முன்னாடி வந்து குந்து மேரி. தனியா பின்னால இன்னா பண்ணப் போற?"

சுத்தம் பண்ண வேண்டியிருக்கிறது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். சுத்தம் பண்ண ஒன்றுமே இருக்கவில்லை. திரும்புகிற வழியெல்லாம் அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. பார்க்கத்தான் யாருமில்லையே.